புறாக்களைத் துரத்தியும் போகாத இரைச்சல்
ஹோம்டெல் கொம்பு ஆன்டெனா, நியூ ஜெர்சி

எதிரே நிற்கும் இந்த 15 மீட்டர் அலுமினியக் கொம்பை பெல் ஆய்வுக்கூடம் 1959-இல் கட்டியது, எக்கோ என்ற பலூன் செயற்கைக்கோளில் பட்டுத் திரும்பும் ரேடியோ அலைகளைப் பிடிக்க. பிரபஞ்சத்தின் பிறப்பை ஆராய அல்ல.

1964-இல் ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் இதை வானியலுக்குப் பயன்படுத்தியபோது, 7.35 செ.மீ. அலைநீளத்தில் ஓர் இரைச்சல் விடாமல் கேட்டது. நியூயார்க் பக்கம் திருப்பினாலும் வெற்று வானத்தைப் பார்த்தாலும் அதே அளவு. கோடை, குளிர் என்ற பேதமும் இல்லை. கொம்புக்குள் குடியிருந்த புறாக்களை விரட்டினார்கள். எச்சத்தைச் சுரண்டிக் கழுவினார்கள். தகடுகளின் மூட்டுகளில் அலுமினிய நாடா ஒட்டினார்கள். இரைச்சல் போகவில்லை.

அது பெருவெடிப்பின் மிச்ச வெப்பம். பிரபஞ்சம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகளில் விடுபட்ட ஒளி, வெளி விரிய விரிய நீண்டு, மைக்ரோ அலையாக இங்கே வந்து சேர்ந்திருந்தது. அதே அலையைத் தேடித்தான் பிரின்ஸ்டனில் ராபர்ட் டிக்கியின் குழு கருவி அமைத்துக்கொண்டிருந்தது. பாவம், முந்திக்கொண்டது தேடாதவர்கள். பென்சியாஸுக்கும் வில்சனுக்கும் 1978-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கொம்பின் கூர்முனையில் தெரியும் சிறு அறையைப் பாருங்கள்: அலைகளை வாங்கிய கருவி இருந்தது அங்கேதான்.