மருந்து தெளிகருவியின் கோளாறுகளும் அவற்றைத் திருத்தும் முறைகளும்

புசல்லாவைப் பகுதியில் மேட்டில் மரக்கறியும் பள்ளத்தில் நெல்லும் செய்கை பண்ணும் கமக்காரர் பலர், முதுகில் சுமக்கும் கைத்தெளிகருவியையே உபயோகிக்கின்றனர். மருந்தை அளந்து கலப்பதில் காட்டும் கவனத்தைக் கருவியில் காட்டுவோர் சிலரே. கருவி பழுதாயின், அளந்த அளவு பயன்படாது. மருந்து குறைந்தால் பூச்சி பிழைக்கும். கூடினால் பயிர் கருகும், பணமும் விரயமாகும்.

கருவியைக் கழற்றுமுன் அதிலுள்ள அமுக்கத்தை நீக்குக. கையுறை அணிக. திருத்திய பின் வெறும் நீரை நிரப்பிச் சோதிக்காமல் மருந்தை ஊற்றலாகாது.

1. மருந்து வெளிவராமை, அல்லது ஒரு பக்கமாகப் பீறிடுதல்

நுனித்துளையில் தூசு அடைத்திருக்கும். நுனியைக் கழற்றி மென்மையான தூரிகையால் நீரில் கழுவுக. வாயால் ஊதுதல் நஞ்சை உட்கொள்வதற்குச் சமமாகும். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி மருந்து மிகுதியாய்ச் செல்லும். நீரை எப்போதும் வடித்தே ஊற்றுக. சல்லடையை எடுத்துவிட வேண்டாம்.

2. கைபிடி இலகுவாக அசைந்தும் அமுக்கம் உண்டாகாமை

வாஷர் உலர்ந்தோ தேய்ந்தோ இருக்கலாம். தோல் வாஷராயின் எண்ணெயில் ஊறவைத்துப் பூட்டுக. இறப்பர் வாஷராயின் புதியது இடுக. அதன் பின்பும் சரிவராவிடின் வால்வைக் கழற்றி, அங்கு தங்கிய மணலை அகற்றுக.

3. கசிவு

மூடியிலும் குழாய் இணைப்புகளிலுமே பெரும்பாலும் கசிவு தோன்றும். இதனை அற்பமாகக் கருதுதல் தவறு. முதுகை நனைக்கும் மருந்து தோலின் வழியே உடலிற் சேரும். கசியும் கருவியை ஒருபோதும் தோளில் ஏற்ற வேண்டாம். சட்டை நனைந்தால் உடனே களைந்து, சவர்க்காரமிட்டுக் குளிக்க வேண்டும்.

4. நுனி தேய்வு

இக்கோளாறு கண்ணுக்குத் தெரியாது. ஒரே அமுக்கத்தில், ஒரு நிமிடத்தில் பழைய நுனி வெளிவிடும் நீரையும் புதிய நுனி வெளிவிடும் நீரையும் அளந்து பார்க்க. பழையது நூற்றுக்குப் பத்துப் பங்கிற்கு மேல் கூடுதலாக விடுமாயின் அதனை மாற்றுக.

அளவைச் சரிபார்த்தல்

10 மீற்றர் நீளமும் 10 மீற்றர் அகலமும் உள்ள நிலத்தில், வழக்கமான நடையில் வெறும் நீரைத் தெளிக்க. உதாரணமாக, 4 லீற்றர் செலவானால், 16 லீற்றர் கொண்ட கருவி 400 சதுர மீற்றருக்கு, அதாவது ஏறக்குறைய 16 பேர்ச்சசுக்குப் போதும். 160 பேர்ச்சஸ் கொண்ட ஓர் ஏக்கருக்குப் பத்து முறை நிரப்ப வேண்டும். ஆகவே சிட்டையில் ஏக்கருக்கெனக் கூறிய மருந்தைப் பத்தாகப் பங்கிட்டு ஒவ்வொரு முறையும் இடுக.

வேலை முடிந்தபின்

கருவியை மூன்று முறை கழுவி, அந்நீரை மருந்து தெளித்த நிலத்திலேயே தெளிக்க. ஓடையிற் கழுவலாகாது. இம்மலைகளின் ஓடைகள் மகாவலியைச் சேர்வன. கண்டி நகரத்தார் அருந்தும் நீரும் மகாவலியிலிருந்தே பெறப்படுகின்றது. நெல்லுக்குக் களைநாசினி தெளித்த கருவியால் மரக்கறிக்கு மருந்து தெளித்தால், தங்கிய சிறு துளியும் தக்காளி, போஞ்சி முதலியவற்றைக் கெடுக்கக்கூடும். களைநாசினிக்கெனத் தனிக் கருவி வைத்திருத்தல் நலம்.

கமக்காரரே! ஒரு வாஷரின் விலை அற்பமே. அதனை மாற்றாமையால் இழப்பது ஒரு போகத்தின் விளைவும் உமது தேக சுகமும் ஆகும். திருத்த இயலாத கோளாறு காணின், உமது பிரிவின் விவசாயப் போதனாசிரியரிடம் கருவியைக் காட்டி ஆலோசனை பெறுக.