பக்கத்து நிலம் யாருடையது?

சென்னையின் தெற்குப் புறநகரில் வீடு பார்க்கப் போனால், பல இடங்களில் முதலில் பால்கனிக்குத்தான் அழைத்துப் போகிறார்கள். கதவைத் திறந்ததும் காற்று முகத்தில் அடிக்கும். எதிரே புல்லும் நீருமாக விரிந்த வெளி, நாலைந்து எருமைகள், கரையோரம் கொக்குகள். "எதிர்ல எதுவுமே வராது சார், எப்பவும் இப்படியே ஓப்பனாத்தான் இருக்கும்" என்பார் தரகர். அந்தப் பேச்சை நம்பிச் சதுர அடிக்குக் கூடுதலாகக் கொடுக்கத் தயாராகிவிடுகிறோம். வாங்கும் வீட்டுக்கு மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வக்கீலின் லீகல் ஒப்பீனியன் எல்லாம் கேட்கிறோம். எந்த வெட்டவெளிக்காகக் கூடுதல் பணம் கொடுக்கிறோமோ, அதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூடக் கேட்பதில்லை. கடன் தரும் வங்கியும் கேட்காது. அதற்கு வேண்டியது உங்கள் சர்வே எண் சுத்தமாக இருப்பதுதான்.

ஆனால் அந்த எருமைகள் மேயும் இடத்துக்கும் ஒரு சர்வே எண் உண்டு. தனியாரோ, கோயிலோ, வக்ஃபோ, அரசோ, யாரோ ஒருவர் கணக்கில் அது இருக்கிறது. வருவாய்த் துறைப் பதிவேட்டில் அதற்கு ஒரு வகைப்பாடு இருக்கிறது, நகரத் திட்ட வரைபடத்தில் நில உபயோகத்தைக் காட்டும் ஒரு நிறமும் இருக்கிறது. இந்த மூன்றும் தெரியாமல் "ஓப்பனா இருக்கும்" என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

பள்ளிக்கரணையைப் பாருங்கள். கழுவெளி என்று ஊரார் அழைத்த அந்தச் சதுப்பு நிலத்தின் ஒரு பக்கம் பெருங்குடி குப்பைக்கிடங்கு வந்தது. மற்ற பக்கங்களில் சாலைகள், ஐ.டி. வளாகங்கள், அடுக்குமாடிகள் வந்தன. தெற்கே இருக்கும் ஏரிகளின் உபரி நீர் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிற இடம் அது. 2022-இல் 1,247.54 ஹெக்டேர் பரப்புக்கு, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு, ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கும், அறிவியல் ஆய்வு முடியும்வரை புதிய கட்டுமானங்களுக்கு அனுமதி தரக் கூடாது என்றது. சதுப்பு நிலம் காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் இருபது வருடச் சேமிப்பில் அங்கீகாரம் பெற்ற மனை ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டு, வீடு கட்ட பிளானைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் குடும்பங்களின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எல்லையையும் அதைச் சுற்றிய பாதுகாப்பு வளையத்தையும் காலத்தோடு அளந்து, சர்வே எண் வாரியாக வெளியிட்டிருந்தால் அவர்கள் அந்த மனையை வாங்கியிருக்கவே மாட்டார்கள். இந்தத் தாமதத்துக்கு அரசுதான் பொறுப்பு.

ஆக, பக்கத்து நிலத்தால் வரும் ஆபத்து இரண்டு பக்கமும் இருக்கிறது. அங்கே கட்டடம் எழும்பி உங்கள் காற்றை அடைக்கலாம். அந்த நிலம் காக்கப்பட வேண்டியதாக இருந்து, உங்கள் மனையிலேயே கட்ட முடியாமல் போகலாம்.

இதைத் தெரிந்துகொள்ள முதல் படி உங்கள் பத்திரத்திலேயே இருக்கிறது. சொத்து விவரத்தில் நான்கெல்லை எழுதியிருப்பார்கள்: வடக்கே இன்னாருடைய நிலம், கிழக்கே வாய்க்கால், தெற்கே இன்ன சர்வே எண், மேற்கே பொதுவழி. பலர் அளவை மட்டும் சரிபார்த்துவிட்டு இந்த வரிகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த அண்டை எண்களை எடுத்துக்கொண்டு வருவாய்த் துறையின் இணையச் சேவைக்குப் போனால் பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு மூன்றும் பார்க்கலாம். ரயத்துவாரி நிலமா, அரசு நிலமா, நஞ்சையா, புஞ்சையா என்பது அங்கே தெரிந்துவிடும். ஏரி, தாங்கல், மேய்க்கால், மயானம், வண்டிப்பாதை போன்ற வகைப்பாடுகளும் அந்தப் பதிவேட்டில்தான் இருக்கும். கூடவே புலப்படத்தையும் வாங்கிப் பாருங்கள். தரையில் தூர்ந்துபோன வாய்க்கால், படத்தில் கோடாக அப்படியே இருக்கும்.

மயானம் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தலைமுறை தலைமுறையாக ஊரார் பயன்படுத்தும் சுடுகாட்டுக்கு அருகே லே-அவுட் வருகிறது. குடியேறியவர்கள் சில வருடங்களில் அதை இடம் மாற்றச் சொல்லி மனுக் கொடுக்கிறார்கள். இது அநியாயம். அந்த நிலம் முன்பே அங்கே இருந்தது, பதிவேட்டிலும் இருந்தது. மேய்க்காலும் அப்படியே. நாம் காற்றுக்காகப் பார்க்கும் புல்வெளி, ஆடு மாடு வைத்திருப்பவருக்குப் பிழைப்பு.

காகிதம் பார்த்தது போதாது, நிலத்தையும் நடந்து பார்க்க வேண்டும். கோடையிலும் கோரையும் சம்பும் பச்சையாக நின்றால் அடியில் ஈரம் இருக்கிறது. வரிசையாகப் புதுக் கல் ஊன்றியிருந்தால் மனை பிரிக்கப் போகிறார்கள். லாரித் தடமும் கொட்டிய கட்டட இடிபாடும் தெரிந்தால் நிலத்தை மேடாக்குகிறார்கள்; அடுத்த மழையில் அங்கே நின்ற தண்ணீர் உங்கள் தெருவுக்கு வரும். மாடு மேய்க்கும் அம்மாவிடம், "மழைக்கு இங்க எதுவரைக்கும்மா தண்ணி நிக்கும்?" என்று கேளுங்கள். கையை இடுப்புவரை உயர்த்திக் காட்டினால் அதை நம்புங்கள். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மூழ்கிய வீடுகளை யாரும் மறந்துவிடக் கூடாது.

பக்கத்து நிலம் பட்டா நிலம் என்றால் அதன் எதிர்காலத்தை ஓரளவு சாலையை வைத்தே கணிக்கலாம். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 18 மீட்டர் அகலச் சாலை இருந்தால் உயரமான கட்டடத்துக்கு மனைப் பரப்பைப் போல 3.25 மடங்கு தளப்பரப்பு கட்டலாம். 30 மீட்டர்வரை உயரும் கட்டடம் எல்லையிலிருந்து 7 மீட்டர் தள்ளி நின்றால் போதும். அறுபதடி சாலையை ஒட்டிய காலி நிலத்தைப் பார்த்து வீடு வாங்குகிறவர், அங்கே ஒன்பது மாடியை மனக்கண்ணில் நிறுத்திப் பார்த்துவிட்டே விலை பேச வேண்டும்.

அப்படி எழும்பினால் தடுக்க முடியுமா? காட்சிக்குச் சட்டத்தில் உரிமை கிடையாது. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், 20 ஆண்டுகள் இடையூறின்றி ஒரு கட்டடத்துக்குள் வந்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும்தான் பாதுகாப்புத் தருகிறது. நேற்றுக் குடிவந்தவருக்கு அதுவும் இல்லை.

பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடம் வேறு கதை. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில், சாலை போக 10 சதவீதம் திறந்தவெளியாக விடப்பட வேண்டும். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் அதைப் பணமாக இல்லாமல் நிலமாகவே கொடுத்தாக வேண்டும். தானப் பத்திரமாக உள்ளாட்சிக்கு எழுதித் தரப்பட்டதா என்று பாருங்கள். விளம்பரத் தாளில் பச்சை மை பூசியிருப்பதால் அது பூங்காவாகிவிடாது. ஒழுங்காக ஒதுக்கப்பட்டிருந்தால் போராடவும் முடியும். பெங்களூரு ராஜ்மஹால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கு வைத்த இடத்தை முதலமைச்சரின் உத்தரவின் பேரில் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதியிடம் தோற்று, அமர்வில் வென்று, 1991-இல் உச்ச நீதிமன்றத்திலும் வென்றார்கள். பொதுவெளியைப் பூங்காவாகவே காக்கக் கோரும் உரிமை அங்கே வசிப்பவருக்கு உண்டு என்பதை நிலைநாட்டிய தீர்ப்பு அது.

கட்டுநர் தரும் விளம்பரத் தாளையும் பத்திரப்படுத்துங்கள். 2016-இன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பொய்யான விளம்பரத்தை நம்பி முன்பணம் கொடுத்து நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு கேட்க வழி தருகிறது. வாய்ச்சொல்லை நிரூபிப்பது கடினம். "எதிரே எதுவும் வராது" என்பவரிடம் அதை எழுத்தில் கேளுங்கள். தயங்கினால் அந்தப் பேச்சுக்கு விலை கொடுக்காதீர்கள்.

சென்னைக்கு 2008-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் மாஸ்டர் பிளான் 2026-ஐ இலக்காக வைத்து வரையப்பட்டது. 2046 வரைக்குமான மூன்றாவது பிளானில் பல சர்வே எண்களின் நிறம் மாறும். இன்று விவசாய மண்டலமாக இருப்பது நாளை குடியிருப்பாகலாம், வணிகமாகலாம். வரைவுத் திட்டம் வெளியாகும்போதும், தனித்தனி நில உபயோக மாற்றத்துக்குப் பத்திரிகையில் அறிவிப்பு வரும்போதும் பொதுமக்களிடம் ஆட்சேபனை கேட்பார்கள். நீங்கள் வாங்கப் போகும் வீட்டுக்கு நாலு பக்கமும் உள்ள சர்வே எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பில் அந்த எண் வந்தால், குடியிருப்போர் சங்கமாகச் சேர்ந்து, குறித்த கெடுவுக்குள் எழுத்து மூலம் மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிவிடுங்கள்.