அலைவரிசையிலும் முறைப்பாசனம்

மைக்ரோவேவ் ஓவனில் சாதம் சூடாகும் இரண்டு நிமிடத்துக்குள் வீடியோ அழைப்பு உறைந்துபோவது, தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் அடுக்ககங்களில் பலருக்கும் பழகிப்போன தொல்லை. பழி உடனே சமையலறை மீது விழுகிறது. அதில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி உண்மைதான். ஓவன் வந்துபோகும் தொல்லை. நாள்தோறும் மணிக்கணக்கில் வைஃபை திணறுகிறது என்றால், பெரும்பாலும் காரணம் சுவருக்கு அந்தப் பக்கமும் மாடிக்கு மேலும் கீழும் இருக்கும் ரவுட்டர்கள். கருவியை மாற்றித் தீர்க்க முடியாத இந்தச் சிக்கலை, அண்டை வீட்டாரோடு பேசித் தீர்க்க முடியும்.

முதலில் ஓவனின் குற்றத்தை அளந்துவிடலாம். அதனுள்ளே இருக்கும் மேக்னட்ரான் குழல் 2.45 கிகாஹெர்ட்ஸை ஒட்டி அலைகளை உண்டாக்குகிறது. வைஃபையின் பழைய பட்டை 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரை. இரண்டும் ஒரே இடத்தில் அமைந்தது தற்செயல் அல்ல. 1947இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய பன்னாட்டு வானொலி மாநாடு, தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகள் எழுப்பும் இரைச்சலுக்கென்று சில பட்டைகளை ஒதுக்கியது. அந்த இரைச்சல் மண்டலத்தில்தான் பிற்காலத்தில் வைஃபை குடியேறியது. ஓவன் சுமார் 800 வாட் அலையைத் தன் உலோகப் பெட்டிக்குள் அடைத்து வைத்திருக்கிறது. ரவுட்டர் வெளியிடுவதோ 0.1 வாட் அளவில். எண்ணாயிரத்தில் ஒரு பங்கு கசிந்தாலே ரவுட்டருக்கு ஈடாகிவிடும். உடலுக்குத் தீங்கில்லாத வரம்புக்குள் இருக்கும் கசிவுகூட ரவுட்டருக்குப் பெருங்கூச்சல். ஆனால் அந்தக் கூச்சல் இடைவிடாதது அல்ல. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்த சாதாரண ஓவனில், 20 மில்லிநொடி நீளும் ஒவ்வொரு சுழற்சியிலும் ஏறத்தாழப் பாதி நேரம்தான் மேக்னட்ரான் இயங்கும். மீதி நேரத்தில் தரவு நுழைந்துவிடுகிறது. அதனால்தான் இணைப்பு அறுந்துபோகாமல் தள்ளாடுகிறது.

மற்ற கருவிகள் பலவற்றின் மீது விழும் பழி இன்னும் மெலிந்தது. இண்டக்‌ஷன் அடுப்பு நொடிக்குச் சில பத்தாயிரம் முறை அதிரும் காந்தப்புலத்தில் வேலை செய்கிறது. வைஃபை அலையின் அதிர்வு நொடிக்கு 240 கோடிக்கும் மேல். இரண்டும் சந்திப்பதே இல்லை. மிக்ஸி மோட்டாரின் கார்பன் பிரஷ் தெறிக்கும் பொறி, சென்னையில் 1975இல் தொலைக்காட்சி வந்த காலத்து ஆன்டெனாப் பெட்டிகளின் திரையில் புள்ளிகளைத் தூவியது உண்மை. அந்த ஒளிபரப்பின் அதிர்வெண் மிகக் குறைவு. கிகாஹெர்ட்ஸ் அளவுக்கு ஏறும்போது அந்தப் பொறியின் வலு தேய்ந்துவிடுகிறது. ரவுட்டருக்கு முன்னால் நிற்கும் இரும்பு பீரோ இவற்றைவிடப் பெரிய தடை. அது அலைகளைத் திருப்பி அனுப்பிவிடும்.

சரி, அண்டை வீட்டு ரவுட்டர்கள் எப்படிக் காரணமாகின்றன? 2005 ஜனவரியில் மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு உரிமம் தேவையில்லை என்று விதி வகுத்தது. அதே விதி இன்னொன்றையும் சொல்கிறது: இங்கே யாருக்கும் தனியுரிமை இல்லை, குறுக்கீட்டிலிருந்து பாதுகாப்பும் இல்லை. உரிமம் பெற்ற அலைவரிசைகளைக் கண்காணிக்கப் பெருங்குடியில் மத்திய அரசின் நிலையம் இருக்கிறது. பக்கத்து வீட்டு ரவுட்டர் மீது அங்கே போய் முறையிட வழியில்லை. இந்தப் பட்டை ஊர்ப் பொது.

பொதுச் சொத்தைப் பங்கிடுவது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. சிட்லபாக்கம், செம்பாக்கம், சேலையூர் என்று ஏரிகள் சூழ்ந்த நிலம் இது. ஏரியில் நீர் குறைந்தால் முறைவைத்துப் பாய்ச்சுவது தமிழக உழவர் வழக்கம். வைஃபையும் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கருவியும் பேசுமுன் காதுகொடுத்துக் கேட்கும். வேறொன்று பேசினால் காத்திருக்கும். ஓவனுக்கு இந்த முறை தெரியாது. ரவுட்டர்களுக்குத் தெரியும், ஆனால் ஆள் கூடக்கூட முறை வரத் தாமதமாகிறது. கடைமடை வயலுக்கு நீர் ஏற நேரமாவதுபோல், தூரத்துப் படுக்கையறையில் மெதுவாகப் பேசும் ஒரு கைபேசி எல்லாருடைய நேரத்தையும் தின்கிறது. மொத்தப் பட்டையில் ஒன்றையொன்று மிதிக்காமல் இருப்பவை 1, 6, 11 என்ற மூன்று சேனல்களே. எட்டு வீடுகள் உள்ள அடுக்ககத்தில், சரியாகப் பிரித்தாலும் ஒரு சேனலுக்கு இரண்டு மூன்று வீடுகள் சேரும். இடையில் ஒருவர் 3ஆம் சேனலைப் பிடித்தால் 1, 6 இரண்டுக்குமே கேடு. அவருடைய பேச்சு அண்டைக் கருவிகளுக்குப் பேச்சாகப் புரியாது, வெறும் இரைச்சலாகவே கேட்கும், முறை குலைந்துவிடும்.

5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் போதாதா என்று கேட்கலாம். மாற வேண்டியதுதான். 2018இல் அங்கே 605 மெகாஹெர்ட்ஸ் உரிமமின்றித் திறந்துவிடப்பட்டது. ஓவனின் கூச்சல் அங்கே எட்டாது. ஆனால் அந்த அலை கான்கிரீட் சுவரில் கூடுதலாகத் தேய்கிறது. மலிவு விலைக் கண்காணிப்பு கேமரா, ஸ்மார்ட் பல்பு போன்ற பலவும் 2.4இல் மட்டுமே பேசும். இணையம் தரும் நிறுவனத்தின் இணைப்பே மெதுவாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் நியாயம்தான். அதற்குச் சோதனை எளிது: மடிக்கணினியை லேன் கேபிளில் ரவுட்டரோடு இணைத்துப் பாருங்கள். அதிலும் வேகம் இல்லையென்றால் குறை வெளியே. கேபிளில் சீராக ஓடினால் குறை வீட்டுக்குள் இருக்கும் அலையில். ரவுட்டர் தானே சேனலைத் தேர்ந்துகொள்ளுமே என்றால், பல ரவுட்டர்கள் அதைச் செய்வது மின்சாரம் போய் வந்து மறுபடி இயங்கும்போது மட்டும்தான். அப்போது அமைதியாக இருந்த சேனல் மாலையில் நெரிசலாகியிருக்கலாம்.

ஆகவே செய்ய வேண்டியவை சில. டிவியை லேன் கேபிளில் இணைத்தால் ஒரு பெரிய பயனர் வரிசையிலிருந்து விலகிவிடுவார். 2.4 பட்டையில் சேனல் அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் ஒரே வீடு பாதிப் பட்டையை எடுத்துக்கொள்ளும், 20 போதும். இவை தனி வீடு செய்யக்கூடியவை. சேனல்களைப் பிரித்துக்கொள்வது மட்டும் கூடிப் பேசியே ஆக வேண்டிய வேலை. தண்ணீர் லாரிக்கும் மோட்டார் போடும் நேரத்துக்கும் முறை வகுத்துக்கொண்ட அடுக்ககங்கள் இவை. அறிவிப்புப் பலகையில் மோட்டார் நேரத்துக்குக் கீழே, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சேனல் எண்ணையும் எழுதி வைக்கலாம்.