மலைக்குப் போகும் ஜீப்பும் ஒரு தகரப் பெட்டியும்

மாணவ நண்பர்களே, எங்கள் கருங்கல் சந்தையிலிருந்து அதிகாலையில் புறப்படும் ஒரு ஜீப்பை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். பின்னால் அரிசி மூட்டை, உப்பு, கருவாடு, மண்வெட்டிப் பிடிகள். மூட்டைகளின்மேல் நான்கைந்து பேர். தடிக்காரன்கோணம், கீரிப்பாறை வரை நல்ல தார்ச்சாலை. இருபுறமும் ரப்பர் மரங்கள். அதற்கப்பால் மாறாமலைப் பக்கம் திரும்பினால் சாலை என்ற பெயருக்கு உருண்டைக் கற்களும் செம்மண்ணும்தான். அங்கே கிராம்புத் தோட்டங்கள் இருக்கின்றன. புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரிக் கிராம்பு இந்த மலைகளில் விளைவதுதான். சுற்றிலும் காப்புக்காடு, வனத்துறையின் அனுமதியின்றி யாரும் போக முடியாது. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவ மழையும் பெய்யும் மாவட்டமாதலால், பாதை காய்ந்து கிடக்கும் நாட்கள் குறைவு.

இத்தகைய இடத்தில் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்? மெக்கானிக்கை அழைக்கலாம் என்பீர்கள். பல வளைவுகளில் கைப்பேசி வேலை செய்வதில்லை. வண்டியில் என்ன இருக்கிறதோ அதுதான் துணை. ஆகவே மலைக்குப் போகும் ஒவ்வொரு ஜீப்பிலும் ஓட்டுநரின் இருக்கைக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதில் எதை வைப்பது, எதை விடுவது என்பது நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியலோடு நெருங்கிய தொடர்புடையது. இதை நான் புத்தகத்திலிருந்து கற்கவில்லை. ஒரு தவறு செய்து கற்றேன்.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு நான் முதுகலை மாணவன். மாமா அப்போது தோட்டங்களுக்குச் சாமான் கொண்டுபோகும் ஜீப் ஓட்டி வந்தார். விடுமுறையில் ஒரு நாள் அவருடைய பெட்டியை ஒழுங்குபடுத்தப் போகிறேன் என்று உட்கார்ந்தேன். எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த ஸ்பானர்களைத் துடைத்து அளவு வாரியாக அடுக்கினேன். மூன்றடி நீளத்தில் ஒரு வெற்று இரும்புப் பைப் பெட்டியில் அடங்காமல் பக்கத்தில் கிடந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் கடகடவென்று சத்தம் போடும். உபயோகமற்றது என்று அதை எடுத்து வீட்டுத் திண்ணையில் சாத்திவிட்டேன்.

மறுநாள் மாமாவுடன் நானும் போனேன். திரும்பும்போது தோட்டத் தொழிலாளி ஒருவர் காய்ச்சலில் துவண்ட தம் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எங்கள் ஜீப்பில் ஏறினார். பாதி வழியில் பின் டயர் பஞ்சர். ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இருந்தது, வீல் ஸ்பானரும் இருந்தது. ஆனால் சேறும் துருவும் ஏறிய நட்டுகள் அசையவில்லை. மாமா ஸ்பானரின்மேல் ஏறியே நின்று பார்த்தார். பிறகு பெட்டியின் பக்கம் கையை விட்டுத் துழாவினார்.

“மக்களே, இங்க ஒரு பைப்பு கெடந்துதே?”

என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். மாமா ஒரு வார்த்தையும் திட்டவில்லை. தோட்டத்துக்கே திரும்பி நடந்துபோய், தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். அதற்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனாலும் அந்த இரண்டு மணி நேரம் அந்தத் தகப்பனார் என் முகத்தைப் பார்த்த பார்வை இன்றும் நினைவில் இருக்கிறது.

பைப் என்ன செய்தது? கணக்கிட்டுப் பார்ப்போம். நட்டைத் திருப்புவது விசை மட்டுமன்று. விசையையும், நட்டின் மையத்திலிருந்து விசை செயல்படும் தூரத்தையும் பெருக்கி வரும் திருப்புத்திறன். வீல் ஸ்பானரின் கைப்பிடி 30 செ.மீ. நீளம். மாமாவின் எடை 65 கிலோகிராம். அதாவது ஏறத்தாழ 640 நியூட்டன் விசை. அவர் ஏறி நின்றபோது கிடைத்த திருப்புத்திறன் 640 × 0.3 = 192 நியூட்டன் மீட்டர். நட்டு அசையவில்லை. கைப்பிடியில் பைப்பைச் செருகி நீளத்தை 90 செ.மீ. ஆக்கினால், கையால் 400 நியூட்டன் விசை கொடுத்தாலே 360 நியூட்டன் மீட்டர் வந்துவிடுகிறது. ஏறி மிதிக்க வேண்டியதில்லை; ஸ்பானர் நழுவி முழங்காலில் அடிக்கும் ஆபத்தும் குறைவு. கதவைக் கீல் பக்கம் தள்ளிப் பாருங்கள், பிறகு விளிம்பில் தள்ளிப் பாருங்கள். இதே கணக்குத்தான்.

ஓர் எச்சரிக்கை. பைப் நட்டைத் தளர்த்துவதற்கு மட்டுமே. முறுக்கும்போதும் அதைச் செருகினால் தேவைக்கு மிஞ்சிய திருப்புத்திறன் ஏறி, போல்ட் முறிந்துவிடும். இன்னொன்று: சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட வேண்டும். ஜாக்கி போட்டுத் தூக்கிய பிறகு முயன்றால், நட்டுக்குப் பதில் சக்கரமே சுற்றும். வண்டியும் ஜாக்கியிலிருந்து சரியலாம்.

ஜாக்கிக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த கருவி இது. திருகு ஜாக்கியின் கைப்பிடியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறீர்கள். கைப்பிடியின் நீளம் 25 செ.மீ. என்றால் உங்கள் கை 157 செ.மீ. தூரம் நகர்கிறது. திருகின் புரியிடைத் தூரம் அரை செ.மீ. ஆனால் வண்டி உயர்வது அந்த அரை செ.மீ. மட்டுமே. விகிதம் 314. ஒரு மூலையில் 4000 நியூட்டன் எடையைத் தூக்க, உராய்வே இல்லையென்றால் 13 நியூட்டன் போதும். ஒரு குழந்தையின் விரல் செய்யும் வேலை. நடைமுறையில் உராய்வு பெரும்பகுதியைத் தின்றுவிடுவதால் அதைப்போல் நான்கைந்து மடங்கு தேவைப்படுகிறது.

“உராய்வு இல்லாமலிருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!” என்று எண்ணுகிறீர்களா? அப்படியானால் நீங்கள் கையை எடுத்த மறுகணமே வண்டியின் எடை திருகைப் பின்னோக்கிச் சுழற்றி, ஜாக்கி இறங்கிவிடும். திருகின் பயனுறுதிறன் நூற்றுக்கு ஐம்பதுக்குக் கீழே இருக்கும்வரை சுமை தானாக அதைத் திருப்ப முடியாது. வீண் என்று நாம் குறை கூறும் உராய்வுதான் வண்டிக்கு அருகில் குனிந்திருப்பவரைக் காக்கிறது. ஆயினும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழையலாகாது. மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைக்க வேண்டும்.

சேற்றில் ஜாக்கி என்னவாகும்? அதன் அடித்தட்டு 10 செ.மீ. சதுரம். 400 கிலோகிராம் எடை 100 சதுர செ.மீ. பரப்பில் இறங்கினால், ஒரு சதுர செ.மீட்டருக்கு 4 கிலோகிராம். வண்டி உயர்வதற்குப் பதில் ஜாக்கி மண்ணுக்குள் போகும். ஓரடி நீள அகலமுள்ள கனமான அயினிப் பலகை ஒன்றை அடியில் வைத்தால், பரப்பு ஒன்பது மடங்காகி அழுத்தம் அரைக் கிலோவுக்கும் கீழே வந்துவிடும். கடையில் விற்கும் எந்தக் கருவித் தொகுப்பிலும் இந்தப் பலகை இருக்காது!

பரப்பைப் பெருக்கி அழுத்தத்தைக் குறைக்கும் இந்தத் தந்திரத்தைப் பாலைவனத்தில் பெரிய அளவில் செய்துகாட்டியவர் ரால்ஃப் பாக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர். 1929 முதல் சில ஆண்டுகள் லிபியப் பாலைவனத்தின் மணற்குன்றுகளுக்கிடையே சாதாரண ஃபோர்டு கார்களில் பயணம் செய்தார். டயரின் காற்றைக் குறைத்து அதை மணல்மேல் பரவச் செய்தார். புதைந்த சக்கரத்துக்கு அடியில் இடுவதற்கு எஃகுத் தகடுகளைக் கொண்டுபோனார். கெய்ரோவின் பழைய சாமான் கடையில் கிடைத்தவை அவை. ரேடியேட்டர் கொதித்து ஆவி வீணாகாமலிருக்க, அதை ஒரு குழாய் வழியாகப் பாதி நீர் நிரம்பிய டப்பாவுக்குள் விட்டார். ஆவி அங்கே குளிர்ந்து நீராகும். எஞ்சின் ஆறியதும் ரேடியேட்டருக்குள் அழுத்தம் குறைய, நீர் தானே திரும்ப ஏறிவிடும். இன்றைய கார்களில் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் காணும் பிளாஸ்டிக் டப்பா இதே வேலையைத்தான் செய்கிறது. அந்தப் பயணங்களில் மணல் எப்படி நகர்கிறது என்று உற்றுக் கவனித்தவர், 1941-இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். மணலியலில் இன்றும் அது அடிப்படை நூல்.

ரேடியேட்டர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பெட்டியோடு ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்றும், மாற்று ஃபேன் பெல்ட் ஒன்றும் அவசியம். ஆனால் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். மூடிய ரேடியேட்டருக்குள் அரை வளிமண்டல அழுத்தம் கூடினாலே நீரின் கொதிநிலை 110 டிகிரி செல்சியசைத் தாண்டிவிடும். திறந்தவுடன் அழுத்தம் விழ, கொதிக்காமலிருந்த நீர் ஒரே கணத்தில் கொதித்து முகத்தில் பீறிடும். அரை மணி நேரம் காத்திருங்கள்.

பாட்டரி இறங்கிவிட்டால் மற்றொரு வண்டியின் பாட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம். அதற்குரிய வயர் எப்படி இருக்க வேண்டும்? வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 1 சதுர மி.மீ. செப்புக் கம்பி போதுமென்று சிலர் வைத்திருக்கிறார்கள். போகவும் வரவும் மொத்தம் 5 மீட்டர் என்றால், அதன் மின்தடை சுமார் 0.085 ஓம். இவ்வளவு சிறிய எண்ணா என்று அலட்சியம் செய்யாதீர்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல் கேட்கும். 100 ஆம்பியரில் எட்டரை வோல்ட் வயரிலேயே தொலைந்துபோகும். 12 வோல்ட்டில் மீதி எவ்வளவு? வயர் சூடேறிப் புகையும். 16 சதுர மி.மீ. தடிமனுள்ள வயரில் இழப்பு அரை வோல்ட்தான்.

பெட்டியின் மூலையில் மாமா ஒரு துண்டுச் சலவைச் சோப்பு வைத்திருப்பார். கை கழுவ என்றுதான் நான் நினைத்திருந்தேன். டீசல் டாங்கில் கல் பட்டுச் சிறு கசிவு உண்டானால், சோப்பைப் பிசைந்து விரிசலில் அழுத்தி வைப்பார். நீரில் கரையும் சோப்பு டீசலில் எளிதில் கரைவதில்லை. ஊர் வந்து சேரும்வரை தாங்கும். பழைய டீசல் ஜீப்பில் எண்ணெய் முற்றிலும் தீர்ந்தால் குழாயில் காற்று புகுந்துவிடும். காற்று அமுங்கக் கூடியது. எனவே பம்ப் தள்ளும் அழுத்தம் எஞ்சினுக்குப் போய்ச் சேராமல் காற்றை அமுக்குவதிலேயே முடிந்துபோகிறது. அந்தக் காற்றை வெளியேற்றுவதற்குத் திருப்ப வேண்டிய ஒரேயொரு சிறு நட்டுக்கான ஸ்பானரைத்தான் முதலில் பெட்டியில் போட வேண்டும். நூறு துண்டுத் தொகுப்பு வாங்கி வைத்து, அந்த ஒன்று இல்லாமல் நிற்பவர்கள் உண்டு. இன்றைய கணினி பொருத்திய வண்டிகளில் நாமாகச் செய்யக் கூடியது குறைவு. இருந்தாலும் ஃப்யூஸ்களும் பஞ்சர் கிட்டும் டேப்பும் எந்த வண்டிக்கும் வேண்டும்.

டேப் என்றவுடன் நிலவுக்குப் போய்வருவோம். 1972 டிசம்பரில் அப்போலோ 17 விண்கலத்தில் சென்ற யூஜின் செர்னானின் சுத்தியல் மாட்டியதால், நிலவு ஊர்தியின் பின் சக்கர மட்கார்டு உடைந்துவிட்டது. சக்கரம் வாரியிறைத்த நிலவுப் புழுதி அவர்கள்மேலும் கருவிகள்மேலும் மழையாகக் கொட்டியது. முதலில் டேப்பால் ஒட்டினார்கள். எங்கும் புழுதி படிந்திருந்ததால் டேப் சரியாகப் பற்றவில்லை. சிறிது நேரத்தில் விழுந்துவிட்டது. மறுநாள் நான்கு வரைபடத் தாள்களை ஒன்றாக ஒட்டி, விளக்கிலிருந்து கழற்றிய பிடிகளால் இறுக்கி, புது மட்கார்டு செய்தார்கள். அது தாங்கியது!

ஒட்டும் பொருள் பரப்பைத் தொட்டால்தான் ஒட்டும். இடையில் புழுதி இருந்தால் அது புழுதியோடுதான் ஒட்டும். உங்கள் சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுபவர் முதலில் உப்புத்தாளால் தேய்ப்பது ஏன் என்று இப்போது விளங்கியிருக்கும். ஆகவே டேப் இருக்கும் பெட்டியில் உலர்ந்த துணியும் இருக்கட்டும்.

அடுக்கும் முறை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவசரத்துக்கு வேண்டியவை மேலே, கனமானவை அடியில். பெட்டியைக் கயிற்றால் கட்டிவிடுங்கள். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி எதன் மீதாவது மோதிப் பத்தில் ஒரு விநாடியில் நின்றால், கட்டாத 15 கிலோ பெட்டி எதிரே பட்டு நிற்கும்போது கொடுக்கும் விசை 1500 நியூட்டன் அளவு இருக்கும். முன்னால் இருப்பது உங்கள் முதுகாக இருக்கலாம். கருவிகளைச் சாக்கிலோ பழந்துணியிலோ சுற்றி வையுங்கள்; சத்தமும் வராது, துடைக்கத் துணியும் ஆயிற்று.

மாமா இப்போது மலைக்கு ஓட்டுவதில்லை. அவருடைய மகன் ஓட்டுகிறான். சென்ற விடுமுறையில் அவனோடு புறப்பட்டபோது, மாமா படியிறங்கி வந்து இருக்கைக்குப் பக்கத்தில் கைவிட்டுப் பார்த்தார். அந்தப் பைப் பழைய சாரத்தில் சுற்றிக் கட்டப்பட்டு அங்கேயே இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “செரி, போயிற்று வாருங்க” என்றார்.