கசப்பு மட்டும் போதுமா?

நடவுக் காலத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிடும் உழைப்பாளியைத் தஞ்சைத் தரணியில் நாம் பார்த்ததில்லையா? சீதமும் ரத்தமுமாகப் போகும், மாதக்கணக்கில் நிற்காது. பெருங்குடலின் உட்சுவர் அழன்று புண்ணாகும் நோயாக அது இருக்கலாம். "நிலவேம்பைக் காய்ச்சிக் குடி, கசப்புக்குக் கட்டுப்படும்" என்பார் ஊர்ப் பெரியவர்.

கட்டுப்பட்டதா? கணக்குப் பார்த்தவர்கள் நாமல்ல, அயலார்! நிலவேம்புச் சாற்றை இந்நோயாளிகள் 224 பேரிடம் 8 வாரம் சோதித்து, 2013-இல் முடிவை வெளியிட்டனர். நாளும் 1,800 மில்லிகிராம் உண்டவர்களில் நூற்றுக்கு 60 பேர் தேறினர். துள்ளாதே தம்பி! நிலவேம்பே இல்லாத வெற்றுக் குளிகை விழுங்கியவர்களிலும் நூற்றுக்கு 40 பேர் தேறினர். தானே தணிந்து தானே மூளும் நோயிது. "குடித்தேன், குணமானேன்" என்ற ஒற்றைச் சாட்சி எப்படிச் செல்லும்?

அடுத்துப் பெரிய சோதனை தொடங்கினர். இடைக்கணக்கிலேயே பலன் கிட்டாதெனக் கண்டு 2014-இல் நிறுத்தினர்.

சித்த மருத்துவம் செத்தது என்று சிரிப்போரும் அவசரக்காரரே. அவர்கள் சோதித்தது தனிச் சாறு. டெங்குக் காலத்தில் நம் அரசு வழங்கிய நிலவேம்புக் குடிநீரோ 9 சரக்குகளின் கூட்டு. அதை இந்நோய்க்கு இதேபோல் சோதிக்கட்டும்! சரசுவதி மகாலில் மருத்துவச் சுவடி. அதே தஞ்சையில் 1959-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி. ஏடும் நோயாளியும் ஒரே ஊரில்!

அதுவரை, ரத்தம் கண்டவர் அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்கட்டும். எழுதித் தந்த மாத்திரையை, கஷாயத்தை நம்பிப் பாதியில் நிறுத்தவேண்டாம்.