ஏப்ரலில் பார்த்தவர்கள்

நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றின் இரு பக்கமும் உள்ள காடுகளுக்குள் ஆகஸ்ட் மாதம் நடந்தால், சருகு மூடிய பள்ளங்கள் அங்கங்கே தென்படும். காலில் ஈரம்கூட ஒட்டாது. சுற்றியுள்ள மரங்களின் அடியில் நீர் நின்ற கறை மட்டும் மங்கலாக இருக்கும். பழகிய கண்ணுக்குத்தான் அது புலப்படும். ஏப்ரலில் அதே பள்ளத்தில் பனி உருகிய தண்ணீர் முழங்கால் வரை நிற்கும். ஆண்டுதோறும் வற்றிவிடுவதால் அந்தக் குட்டையில் மீன் தங்காது. முட்டைகளைத் தின்ன மீன் இல்லை என்பதால்தான் காட்டுத் தவளையும் புள்ளிச் சாலமாண்டரும் அங்கே தேடி வருகின்றன.

அந்தக் காட்டை மனைகளாகப் பிரிக்க ஒரு பில்டர் விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நில அளவையாளர் ஆகஸ்டில் வந்து அளக்கிறார். அவருடைய வரைபடத்தில் குட்டை இருக்காது. அவர் எதையும் மறைக்கவில்லை. பார்த்தது காய்ந்த தரை, வரைந்ததும் அதையே. அந்த வரைபடம் திட்டக் குழுவின் மேசைக்கு வரும்போது, “இங்கே தண்ணீர் நிற்கும். ஏப்ரலில் போய்ப் பார்த்தோம், இதோ படம், இதோ கணக்கு” என்று எழுந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும். பல ஊர்களில் அந்த ஆள், சம்பளம் வாங்காத பாதுகாப்பு ஆலோசனைக் குழுவின் உறுப்பினர்.

மாநிலத்தின் பொது உள்ளாட்சிச் சட்டம், 239-எக்ஸ் பிரிவில் இந்தக் குழுவுக்கு இடம் தருகிறது. காடும் வயலும் சிற்றூர்களும் அடங்கிய ‘டவுன்’ என்ற நிர்வாகப் பகுதியோ, ஒரு நகரமோ, ஒரு கிராமமோ விரும்பினால் இதை அமைத்துக்கொள்ளலாம். உறுப்பினர்கள் 3 முதல் 9 பேர். உள்ளூரில் குடியிருக்க வேண்டும், சுற்றுச்சூழலில் அக்கறை இருக்க வேண்டும். வேறு தகுதி எதையும் சட்டம் கேட்கவில்லை. பதவிக்காலம் 2 ஆண்டுக்கு மிகாது. ஊதியம் இல்லை, செலவான பணத்தை மட்டும் திரும்பப் பெறலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர், பண்ணைக்காரர், பறவை பார்ப்பவர், பகலில் அலுவலகம் போய்வரும் பொறியாளர் என்று பலரும் மாலையில் வந்து உட்காரக்கூடிய குழு இது.

உத்தரவு போடும் அதிகாரம் இதற்குக் கிடையாது. ஒரு மரத்தை வெட்டாதே என்றுகூட இது ஆணையிட முடியாது. அனுமதி தருவதும் மறுப்பதும் திட்டக் குழுவின் வேலை; உள்ளூர்ச் சட்டம் இயற்றுவது டவுன் வாரியத்தின் வேலை. ‘வெறும் ஆலோசனைதானே’ என்று இதைப் புறந்தள்ளுவோர் அங்கேயும் நிறைய. நான் அப்படி நினைக்கவில்லை. விண்ணப்பம் வந்த பிறகு சொல்லும் ஆலோசனை பலவீனமானதுதான். விண்ணப்பம் வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே எழுதி, ஊரே ஏற்றுக்கொண்ட பதிவேட்டிலிருந்து எடுத்துச் சொல்லும் ஆலோசனையை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது.

இந்த ஏற்பாட்டின் வேர் பக்கத்து மாநிலமான மாசசூசெட்ஸில் இருக்கிறது. இப்ஸ்விச் என்ற கடலோர ஊர்க்காரர்கள் தங்கள் சதுப்புநிலங்களைக் காப்பாற்ற வழி தேடியதன் விளைவாக, 1957-இல் ஊர்தோறும் பாதுகாப்புக் குழு அமைக்க அந்த மாநிலச் சட்டமன்றம் வழிவகுத்தது. இன்று அங்குள்ள 351 ஊர்களிலும் நகரங்களிலும் அத்தகைய குழு உண்டு. பின்னாளில் ஈரநிலச் சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரமும் அவற்றுக்குக் கிடைத்தது. நியூயார்க் குழுக்களுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. ஆனால் ஹட்சன் பள்ளத்தாக்குக்கு வேறொரு பாரம்பரியம் இருக்கிறது. ஆற்றங்கரையில் உள்ள ஸ்டார்ம் கிங் மலையைக் குடைந்து மின்நிலையம் கட்ட 1962-இல் கான் எடிசன் நிறுவனம் திட்டம் அறிவித்தபோது, உள்ளூர் மக்கள் எதிர்த்து வழக்காடினார்கள். இயற்கை அழகையும் பாதுகாப்பையும் முன்னிறுத்தி நீதிமன்றம் வர அவர்களுக்கு உரிமை உண்டு என்று 1965-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1980-இல் நிறுவனம் திட்டத்தையே கைவிட்டது. அந்தப் பள்ளத்தாக்கில் சாதாரணக் குடிமகன் வரைபடத்தைக் கையிலெடுத்துக் கேள்வி கேட்பது யாருக்கும் புதிதல்ல.

குழுவின் தலையாய வேலை இயற்கை வளப் பதிவேடு தயாரிப்பது. ஊரின் ஓடைகள், நிலத்தடி நீர், மண் வகை, செங்குத்தான சரிவுகள், தொடர்காடுகள், விளைநிலங்கள், அரிய உயிரினங்களின் வாழிடங்கள் எல்லாவற்றையும் வரைபடமாகவும் குறிப்பாகவும் தொகுக்க வேண்டும். மாநில அரசின் ஹட்சன் முகத்துவாரத் திட்டமும் கார்னெல் பல்கலைக்கழகமும் இதற்குக் கையேடு தந்திருக்கின்றன. பார்ட் கல்லூரி வளாகத்தில் இயங்கும் ஹட்சோனியா என்ற ஆய்வு நிறுவனம் ரைன்பெக், அமீனியா போன்ற டவுன்களுக்கு வாழிட வரைபடமே செய்து கொடுத்திருக்கிறது. டச்சஸ் கவுன்ட்டியின் சில ஈரநிலங்களில் எஞ்சியிருக்கும், மஞ்சள் தொண்டை கொண்ட பிளாண்டிங் ஆமை, ஒரு குளத்தில் வாழ்ந்து, முட்டையிட வெகுதூரம் நடந்துபோகிறது. குளத்தை மட்டும் வேலியிட்டுக் காத்தால் அந்த ஆமைக்குப் போதாது என்பதை இப்படிப்பட்ட வரைபடம்தான் ஊருக்கு எடுத்துக்காட்டும்.

வானிலிருந்து எடுத்த படம் எல்லாவற்றையும் காட்டிவிடாது. மரநிழலில் கிடக்கும் குட்டை அதில் தப்பிவிடும். நேரில் போகலாம் என்றால் பெரும்பாலும் தனியார் நிலம். உரிமையாளரின் அனுமதியில்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது. கடிதம் எழுதி, வீட்டுப் படியேறி, “உங்கள் நிலத்தைப் பிடுங்க வரவில்லை, பார்த்து எழுதத்தான் வருகிறோம்” என்று நம்பிக்கை ஏற்படுத்திய பிறகே முழங்கால் பூட்ஸ் மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கலாம். அங்கே எண்ணுவது முட்டைத் திரள்களை. காட்டுத் தவளையின் திரள் திராட்சைக் குலையைப் போல மேடுபள்ளமாக, வெளியுறை இல்லாமல் இருக்கும். சாலமாண்டரின் திரளை வழவழப்பான கெட்டிக் கூழுறை சுற்றியிருக்கும். சில வாரத்தில் உள்ளே பாசி வளர்ந்து பச்சை ஏறும். இரண்டையும் பிரித்தறிந்து, எண்ணி, தேதியும் இடமும் குறித்துப் படமெடுத்தால் அந்தக் குட்டைக்கு ஆவணத்தில் ஓர் இடம் கிடைக்கிறது.

பதிவேட்டை டவுன் வாரியம் முறைப்படி ஏற்றுக்கொண்டால், குழுவைப் பாதுகாப்பு வாரியமாக உயர்த்தச் சட்டத்தின் அடுத்த பிரிவு இடம் தருகிறது. அதன் பிறகு, பதிவேட்டில் உள்ள திறந்தவெளியைப் பாதிக்கும் விண்ணப்பம் ஒவ்வொன்றும் பாதுகாப்பு வாரியத்தின் பார்வைக்கு வந்தாக வேண்டும். 45 நாளுக்குள் எழுத்தில் அறிக்கை தர வேண்டும். என் கணிப்பில் இந்தச் சட்டத்தின் உயிர் இந்த ஒரு படியில்தான் இருக்கிறது. யாராவது கேட்டால் சொல்லலாம் என்ற நிலை போய், கேட்டே ஆக வேண்டும் என்ற நிலை வருகிறது.

அந்த அறிக்கையை எப்படி எழுதுகிறார்கள் என்பது முக்கியம். ‘இயற்கை அழிகிறது, தடுத்து நிறுத்துங்கள்’ என்று இரண்டு பக்கம் எழுதினால் திட்டக் குழு மரியாதையாகப் படித்துவிட்டுக் கோப்பில் வைத்துவிடும். இன்ன மனைக்குப் பின்னால் குட்டை இருக்கிறது, கரையிலிருந்து 100 அடிக்குள் எதுவும் கட்ட வேண்டாம், 750 அடி வரை உள்ள காட்டில் பெரும்பகுதியை விட்டுவைக்க வேண்டும், சாலையை மறுபக்கமாகத் திருப்பலாம் என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டியிருக்கும். இந்த 100, 750 கணக்கு, ஆய்வாளர்களான கால்ஹூனும் கிளெமென்ஸும் 2002-இல் வெளியிட்ட வழிகாட்டியில் உள்ளது. தவளையும் சாலமாண்டரும் குட்டையில் இருப்பது ஆண்டில் கொஞ்ச காலம்தான்; மீதிக் காலம் முழுதும் சுற்றுக் காட்டின் சருகடியிலும் மண்ணுக்குள்ளும். காட்டுத் தவளை குளிர்காலத்தில் இதயத் துடிப்பே நின்று உறைந்து கிடந்து, வசந்தத்தில் உருகி எழுவது அந்தச் சருகுக்கு அடியில்தான். காட்டை வெட்டிக் குட்டையை மட்டும் விட்டால் அடுத்தடுத்த ஆண்டுகளில் முட்டையிட வர ஆளிருக்காது. பில்டருக்கும் வழி இருக்கிறது. டவுன் சட்டத்தின் 278-ஆம் பிரிவு, அதே எண்ணிக்கை வீடுகளை நெருக்கி ஒரு பக்கமாகக் கட்டி, மீதி நிலத்தைத் திறந்தவெளியாக விட அனுமதிக்கிறது. நல்ல ஆலோசனைக் குழு இந்த வழியைத் தானே எடுத்துச் சொல்லும்.

பதிவேட்டின் தேவை இப்போது கூடியிருக்கிறது. 1975-ஆம் ஆண்டு மாநில ஈரநிலச் சட்டம் பொதுவாக 12.4 ஏக்கருக்கு மேற்பட்டவற்றையே காத்தது. வசந்தகாலக் குட்டைகள் பெரும்பாலும் ஓர் ஏக்கர்கூட வராதவை. 2023-இல் சாக்கெட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, நிலையான நீர்நிலைகளோடு மேற்பரப்பில் தொடர்ச்சியான இணைப்பில்லாத ஈரநிலங்களைக் கூட்டரசின் பாதுகாப்பிலிருந்து விலக்கிவிட்டது. நல்லவேளையாக நியூயார்க் 2022-லேயே தன் சட்டத்தைத் திருத்தியிருந்தது. பரப்பளவு வரம்பு 2028-இல் 7.4 ஏக்கராகக் குறைகிறது. அதைவிடச் சிறியவையும் தனிச்சிறப்பு இருந்தால் பாதுகாப்புப் பெறலாம். அப்படிப்பட்ட சிறப்புகளில் ஒன்று, நீர்நில வாழ்விகள் நன்கு இனப்பெருக்கம் செய்வதாக அறியப்பட்ட வசந்தகாலக் குட்டை. யாராவது போய் எண்ணிப் பதிவு செய்திருந்தால்தானே அது அறியப்பட்டதாகும்? மாநிலத்தின் எல்லாக் காட்டிலும் ஏப்ரல் மாதம் இறங்கி எண்ண அரசிடம் ஆளில்லை. உள்ளூர்க் குழுவிடம் இருக்கிறார்கள். 2009 முதல் ஹட்சன் முகத்துவாரத் திட்டம் நடத்தும் சாலைக் கடப்புப் பணியில், மார்ச் இறுதியின் மழை இரவுகளில் தலைவிளக்கோடு நின்று, சாலமாண்டர்களைக் கையில் ஏந்திச் சாலை கடத்திவிடுபவர்களும் இத்தகைய தன்னார்வலர்கள்தான். எந்தச் சாலையை எத்தனை உயிர்கள் கடக்கின்றன என்ற அவர்களுடைய குறிப்பும் பதிவேட்டுக்கு உதவும்.

குறைகள் இருக்கின்றன. உறுப்பினரை நியமிப்பதும் நீக்குவதும் டவுன் வாரியம். தேர்தலில் வாரியம் மாறினால் குழுவின் முகமும் மாறலாம். நாற்காலிகள் காலியாகவே கிடக்கும் ஊர்களும் உண்டு. பதிவேடு பழையதாகிப்போவதும் உண்டு. இவற்றைவிட என்னை உறுத்துவது, விண்ணப்பம் குழுவின் கைக்கு வரும் நேரம். வரைபடத்துக்குப் பொறியாளர் கட்டணம் முழுவதும் செலவான பிறகு, சாலையைத் திருப்பு என்றால் எந்தப் பில்டரும் முகம் சுளிப்பார். பூர்வாங்கப் பேச்சு நடக்கும்போதே, கைவரைபடம் மட்டும் இருக்கும் நிலையிலேயே, பதிவேட்டின் நகலை விண்ணப்பதாரர் கையில் கொடுத்து, குழுவோடு ஒருமுறை நிலத்தைச் சுற்றிவரச் சொல்ல வேண்டும். குழுவின் பரிந்துரையை ஏற்காதபோது, ஏன் ஏற்கவில்லை என்பதைத் திட்டக் குழு எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும். இரண்டையும் டவுன் வாரியம் உள்ளூர் விதியிலேயே சேர்த்துவிடலாம். செலவும் பெரிதாக ஆகாது.