பனிக்குள் ஒளிந்திருக்கும் கடுகு

ஒரு பலகையின் மேல் கனமான புத்தகம் ஒன்றை வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். சிறிது உயரும்வரை புத்தகம் அசையாது. இப்போது புத்தகத்துக்கு அடியில் ஒரு பிடி கடுகைப் பரப்பிவிட்டு மறுபடியும் உயர்த்துங்கள். பலகை கொஞ்சம் சாய்ந்ததுமே புத்தகம் வழுக்கி ஓடிவிடும். (கடுகைப் பொறுக்கும் வேலை உங்களுடையது!)

ஆல்ப்ஸ் மலைகளில் பனிப்பாளங்கள் சரிவதும் ஏறக்குறைய இப்படித்தான். செப்பனிடப்படாத மலைச்சரிவுகளில் சறுக்குப் பலகைகளைப் பூட்டிக்கொண்டு ஏறி, பின் சறுக்கி இறங்குவோர் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான்.

பனிக்குள் ‘கடுகு’ எப்படி வந்தது? குளிர்காலத் தொடக்கத்தில் தரையில் மெல்லிய பனிப்படலமே இருக்கும். அதன் அடிப்பகுதி 0° செல்சியஸை ஒட்டியிருக்க, மேற்பரப்பு இரவில் −20° வரைகூடக் குளிர்ந்துவிடும். அடியிலிருந்து நீராவி மேல்நோக்கி நகர்ந்து, வழியிலுள்ள குளிர்ந்த பனித்துகள்களின் மேல் படிகிறது. நாளடைவில் அத்துகள்கள் பெரிய, கூர்முனைப் படிகங்களாக மாறிவிடுகின்றன. இவை ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. கையில் அள்ளினால் சர்க்கரைபோல் உதிரும். பிறகு பெய்யும் பனியைக் காற்று இறுக்கிப் பாளமாக்கி இதன்மேல் மூடிவிடுகிறது. வெளியே தெரிவது அழகிய வெண்பரப்பு மட்டுமே.

ஒருவர் அதன்மேல் கால் வைக்கிறார். அடியிலுள்ள அடுக்கு நொறுங்குகிறது. விரிசல் நொடியில் பரவுகிறது. பாளம் முழுவதும் புறப்பட்டுவிடுகிறது. சிக்குவோரில் நூற்றுக்குச் சுமார் தொண்ணூறு பேர் விஷயத்தில், சரிவைத் தூண்டியவர் அவரே அல்லது அவருடன் வந்தவரே!

முதலில் பார்க்க வேண்டியது சாய்வு. 30 பாகைக்குக் குறைந்த சரிவில் பாளம் நழுவுவது அரிது. ஆனால் மேலே செங்குத்தான சரிவு இருந்தால் கீழே நிற்பவருக்கும் ஆபத்துதான். காலடியில் ‘வும்ஃப்’ என்று அமுங்கும் ஓசை கேட்டால் வேறு சோதனையே வேண்டாம், திரும்பிவிட வேண்டும்.

ஐயமிருந்தால் குழி தோண்டுவார்கள். 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. நீளமும் கொண்ட பனித்தூணை வெட்டி, அதன்மேல் மண்வாரியைப் படிய வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 தட்டுவார்கள். முதல் சில தட்டுகளிலேயே தூண் இழுப்பறைபோல் வழுக்கி வெளியே வந்தால், கடுகு அகப்பட்டுவிட்டது என்று பொருள். தூண் அசையாவிட்டால்? சில மீட்டர் தள்ளி வேறு விடை கிடைக்கலாம். அதனால் ‘போகலாம்’ என்று சொல்ல இச்சோதனை மட்டும் போதாது.

சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரிலுள்ள பனி ஆய்வு நிலையம் குளிர்காலத்தில் மாலைதோறும் எச்சரிக்கை அறிக்கை வெளியிடுகிறது. ஆபத்தின் அளவு 1 முதல் 5 வரை. எந்த எண்ணில் அதிகம் பேர் இறக்கிறார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்? 5 அல்ல, 3! அந்நாட்டில் உயிரிழப்புகளில் ஏறத்தாழப் பாதி இந்த எண்ணில்தான். 5 என்றால் எவரும் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. 3 என்றால், ‘நடுத்தரம்தானே’ என்று கிளம்பிவிடுகிறார்கள்.

அப்படிக் கிளம்புவோரும் ஐயமான சரிவை ஒவ்வொருவராகவே கடக்கிறார்கள். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தோண்ட வேண்டுமே! பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரைமணி கழிந்தால் பாதிப்பேர்கூட இல்லை.